163 பைட் பொய்யை எடுக்க ஏழு வாரம்

போன வாரம்தான் ஒரு வேலை முடிந்தது. எங்கள் ஊரைப் பற்றிய தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையில் இருந்த ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரியானதை வைத்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். ஏழு வாரம் ஆனது. அந்த வாக்கியத்தை 2016-இல் அங்கே போட்டவனே நான்தான். போடுவதற்கு நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

பண்ருட்டியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் எந்த ஐசி சூடாகிறது என்று விரலை வைத்துப் பார்க்கும் தொழில். பழுது பார்த்த கதைகளை எழுதி வைப்பது பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பழுது எப்படி உண்டானது என்பது. 2016 அக்டோபர். ஜியோ சிம் இலவசம், டேட்டாவும் இலவசம். இரவெல்லாம் எதையாவது தட்டிக்கொண்டிருந்த காலம். ஊர்ப் பெயரைத் தேடியபோது விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை வந்தது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கெல்லாம் தானியங்கி நிரல் ஒன்று ஒரே அச்சில் வார்த்துப் போட்ட ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் அதுவும் ஒன்று. எந்த சட்டமன்றத் தொகுதி, 2011 கணக்கெடுப்பில் எத்தனை பேர், கைக்குழாய் எத்தனை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை, சுடுகாடு எத்தனை. 'ஊரணிகள் அல்லது குளங்கள்' என்று ஒரு வரிசைகூட இருந்தது. ஏரி மட்டும் இல்லை.

எங்கள் ஊருக்கு அடையாளமே அந்த ஏரிதான். அது எப்படிக் கணக்கில் வராமல் போகும் என்று கோபம். காரணம் இப்போது தெரியும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் பொதுப்பணித்துறைப் பொறுப்பு, இப்போது நீர்வளத்துறை. ஊரக வளர்ச்சித் துறையின் 2015-ஆம் ஆண்டுத் தரவிலிருந்து வார்த்த கட்டுரையில் அது வராது. நிரல் செய்ததில் தப்பில்லை, தரவு அப்படி. அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? 'தொகு' என்ற பட்டனைப் பார்த்தேன். கணக்குகூடத் தொடங்காமல், போனிலேயே இதைத் தட்டிவிட்டேன்:

"இவ்வூர் ஏரி கி.பி. 1010-ஆம் ஆண்டு இராசராச சோழனால் வெட்டப்பட்டது."

ராஜராஜன் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய ஏரியைக் கேட்டாலும் ராஜராஜன்தான் வெட்டியிருப்பான், மனிதன் வேறு வேலையே பார்க்கவில்லை போல. 1010 மட்டும் என் சொந்தச் சரக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு என்று 2010-இல் விழா எடுத்தார்களே, அது நினைவில் இருந்தது. ஆண்டு ஒன்று போட்டால் எடுப்பாக இருக்கும் என்று போட்டேன். விக்கியில் கிரந்த எழுத்தைத் தவிர்க்கிறார்கள் என்று கவனித்து, 'ராஜராஜ' என்பதை 'இராசராச' ஆக்கினேன். இந்தக் கெட்டிக்காரத்தனம் பிறகு எனக்கே உதவியது.

2025 ஜனவரி 26. அக்கா மகள் ஆறாம் வகுப்பு, பள்ளிக் குடியரசு நாள் விழாவில் பேச்சுப் போட்டி. 'நம் ஊரின் பெருமை' தலைப்பு. மேடையேறி, "கி.பி. 1010-ஆம் ஆண்டு மாமன்னன் ராஜராஜ சோழனால்..." என்று ஆரம்பித்தாள். கைதட்டல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாம் பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு. எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும் இருக்கே மாமா" என்றாள்.

உண்மைதான். அன்று இரவு உட்கார்ந்து தேடினேன். எனக்குச் சாதகமான ஒரே விஷயம், விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'வரலாறு' என்று ஒன்று இருப்பது. யார், எந்தத் தேதியில், எத்தனை பைட் சேர்த்தார், எடுத்தார் என்று எல்லாம் கிடக்கும். 2016 அக்டோபர் வரிசையில், கணக்கில்லாமல் எழுதியதால் பெயருக்குப் பதில் என் இணைப்பின் ஐபி எண், பக்கத்தில் பச்சையில் +163. எட்டு வார்த்தைக்கு 163 எப்படி என்று குழம்பி எண்ணிப் பார்த்தேன். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட், 'க்' என்று புள்ளி வைத்தால் ஆறு. எண்ணும் இடைவெளியும் ஒவ்வொன்று. கணக்குச் சரியாக வந்தது.

அதற்கு அப்புறம் நடந்ததையும் வரலாறே சொன்னது. மூன்று வருடம் யாரும் தொடவில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இலேயே ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிவிட்டது. சம்பளமில்லாமல் காவல் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். எங்கள் ஊர் ஏரியை யார் போய்ப் பார்ப்பது? 2019-இல் ஒரு நாளிதழின் உள்ளூர் இணைப்பில் எங்கள் ஏரியைப் பற்றிப் பெட்டிச் செய்தி வந்தது. 2020 ஊரடங்கின்போது யாரோ ஒரு நல்லவர் ஊர்க் கட்டுரைகளுக்கெல்லாம் சான்று சேர்த்துக்கொண்டு போயிருக்கிறார். என் வாக்கியத்துக்கு அந்தச் செய்தியைச் சான்றாக வைத்துவிட்டார். அதாவது என் பொய்க்கு ரசீது கிடைத்துவிட்டது. பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவின் குறுங்கட்டுரையில் அது மொழிபெயர்ந்தது. 2023-இல் ஊராட்சி வரவேற்பு வளைவில் பெயின்டில் ஏறியது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கூத்து இல்லை. மின்சார டோஸ்டரை 1893-இல் கண்டுபிடித்தவர் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012-இல் விளையாட்டாக எழுதப்பட்ட கட்டுரை, பத்து வருடம் கழித்து 2022-இல்தான் பொய் என்று வெளிவந்தது. அதற்குள் செய்தித்தாள், புத்தகம் எல்லாவற்றிலும் அவர் பெயர் ஏறிவிட்டது. அதைப் படித்ததும் ஒரு சின்ன ஆறுதல். ஆறுதல் படுகிற விஷயமா என்று கேட்டால், இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் முயற்சி ஜனவரி 27 காலை. போனில் பக்கத்தைத் திறந்தேன், வாக்கியத்தைச் சான்றோடு சேர்த்து அழித்தேன், சேமித்தேன். ஒன்பது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. 'சான்றுள்ள தகவல் காரணமின்றி நீக்கப்பட்டுள்ளது, மீளமைக்கப்படுகிறது.' 2016-இல் பொய்யைப் போட்டபோது எட்டிப் பார்க்க ஆள் இல்லை. உண்மையைச் செய்யப்போனால் ஒன்பதாவது நிமிடம் போலீஸ். கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நின்று பார்த்தால் வேறென்ன செய்வார்? பெயரில்லாத ஒருவன், சான்று உள்ள வரியை, ஏன் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அழிக்கிறான். தொகுப்புச் சுருக்கம் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை நான் காலியாக விட்டிருந்தேன்.

இரண்டாவது முயற்சியில் கணக்குத் தொடங்கி, உள்நுழைந்து, மறுபடி அழித்தேன். பெட்டியில் 'இது பொய், எழுதியவன் நான்தான்' என்று போட்டேன். இதுவும் திரும்பியது. இந்த முறை வேறொருவர். என் பயனர் பேச்சுப் பக்கத்தில் வணக்கம் சொல்லி, மாற்றி மாற்றி அழித்தால் தொகுப்புப் போர் ஆகிவிடும், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் பேசலாம் என்று எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

பேச்சுப் பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ஜியோ சிம் முதல் எவர்சில்வர் தட்டு வரை. வந்த பதில் மூன்று வரி. அந்த ஐபி நீங்கள்தான் என்று எப்படி அறிவது? நீங்களே என்றாலும், பயனரின் சொந்த வாக்கு சான்று ஆகாது. அச்சில் வந்ததை மறுக்க அச்சில் வந்தது வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனாலும் சாட்சி கேட்கிறார்கள். ஐபியும் அந்த சிம்மோடு போயிற்று. என் பொய் இனி என் சொத்து இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த வாரம் கடையில் இதே நினைப்பு. ஒரு போர்டில் ஷார்ட் தேடும்போது, சார்ஜ் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரிசையைப் பிடித்தால்தான் இடம் தெரியும். இதிலும் அதுதான் வழி. விக்கியில் வரி வந்தது 2016, செய்தி வந்தது 2019. செய்தியின் வாசகம் எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். சான்றில் இருந்த இணைப்பு செத்துவிட்டது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் அந்தப் பக்கம் சேமிக்கப்படவில்லை. கடைசியில் கிடைத்த இடம் எங்கள் ஊர் டீக்கடை. லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள், கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில். நாற்காலி போட்டு ஏறிப் படித்தேன். அதே எட்டு வார்த்தை, அதே வரிசை. அதைவிட, அதே 'இராசராச'. அந்த நாளிதழ் அன்றும் இன்றும் 'ராஜராஜ' என்றுதான் அச்சிடும். அதே பெட்டிச் செய்தியின் தலைப்பிலும் 'ராஜராஜன்'தான். உள்ளே மட்டும் என் எழுத்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து ஒரு தப்பு செய்தேன். அந்த லேமினேட்டைப் படம் பிடித்து, விக்கியின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஆதாரமாக ஏற்றிவிட்டேன். சீக்கிரமே நீக்கிவிட்டார்கள். செய்தித்தாள் பக்கத்துக்குப் பதிப்புரிமை உண்டு, நான் படம் பிடித்ததால் அது என்னுடையது ஆகிவிடாது. ஏற்றும்போதே 'இது என் சொந்தப் படைப்பு' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன். படிக்காமலே அடித்தது. படம் தேவைப்படவும் இல்லை. பேச்சுப் பக்கத்தில் இரண்டு தேதியையும், தலைப்பில் 'ராஜராஜ', உள்ளே 'இராசராச' என்று இருப்பதையும் நாலு வரியில் எழுதினேன். இரண்டு பக்கப் புலம்பல் செய்யாததை நாலு வரி செய்தது. வாக்கியம் போகவில்லை, ஆனால் அதன் வாலில் 'சான்று தேவை' என்ற குறி ஏறியது. பிப்ரவரி 9. ரசீதைக் கிழித்தாயிற்று.

இனி அந்த இடத்தில் என்ன வைப்பது? இதில்தான் அதிக நாள் போனது. முதலில் 1906-இல் வெளிவந்த பிரான்சிஸின் தென் ஆற்காடு கெசட்டியர், ஆங்கிலேயர் கால மாவட்ட விவர நூல். ஸ்கேன் இணையத்தில் கிடைக்கிறது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த ஆறு விதமாகத் தட்டித் தேடினேன், ஒரு முழு இரவு. ஸ்கேன் எழுத்தை இயந்திரம் படித்த லட்சணத்தில் தேடல் வேலை செய்யவில்லையோ என்று கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்குப் பஸ் ஏறினேன். அரை நாள் கடை மூடல். ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் தடவை கடலூர் போனது, எனக்குப் பள்ளியில் வரலாறு எடுத்த ஐயாவைப் பார்க்க. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ ஊர்ப் பேரைத் தேடுற. அந்தக் காலத்து அறிக்கையில தாலுகாவைத் தேடணும். பண்ருட்டி அப்போ கடலூர் தாலுகா." கெசட்டியரை விடு, தென்னிந்தியக் கல்வெட்டு ஆண்டறிக்கைகளைப் பார் என்றார். 1887 முதல் வருடா வருடம், எந்தக் கோயிலில் எந்தச் சுவரில் என்ன கல்வெட்டைப் படியெடுத்தார்கள் என்ற பட்டியல். மாவட்டம், தாலுகா, ஊர், எண், அரசன், இரண்டு வரிச் சுருக்கம். அதன் ஸ்கேன்கள் ஆர்க்கைவ் தளத்தில் கிடக்கின்றன. கடலூர் தாலுகா என்று வைத்து வருடம் வருடமாகப் புரட்டினேன், நான்காம் இரவு கிடைத்தது. எங்கள் ஊர் சிவன் கோயில், கோப்பெருஞ்சிங்கன் காலம், உடைந்த ஏரித் தூம்பை, அதாவது மதகை, சரிசெய்து கொடுத்த செய்தி.

கோப்பெருஞ்சிங்கன் காடவ அரசன், 13-ஆம் நூற்றாண்டு. சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தவன். எங்களுக்கு எட்டிய தூரத்தில், கெடிலம் ஆற்றுப் பக்கம் இருக்கிறது சேந்தமங்கலம். ஆக எங்கள் ஏரிக்கும் ஒரு ராஜராஜனுக்கும் சம்பந்தம் தேடினால், ராஜராஜனை உள்ளே தள்ளியவன் கிடைக்கிறான். ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்கவில்லை.

கல்லை நேரில் பார்க்காமல் மனம் ஆறவில்லை. நானே கல்லைப் படித்து எழுதினால் அது 'சொந்த ஆய்வு', விக்கியில் செல்லாது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். ஆனால் படம் வைக்கலாம். 150 ரூபாய்க்கு ஒரு எல்இடி டார்ச் வாங்கினேன். முதல் நாள் மதியம் போனேன், ஒரு எழுத்தும் தெரியவில்லை. குடமுழுக்குக்கு அடித்த சுண்ணாம்பு மேலே, புதுத் தரைக்கல் கீழே, நடுவில் நாலு வரிதான் வெளியே. சிலர் மாவைத் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று வரும் என்றார்கள். ஐயா கூடவே கூடாது, கல் கெடும் என்று சொல்லியிருந்தார். மறுநாள் மாலை ஆறே காலுக்கு, வெளிச்சம் மங்கிய பிறகு, டார்ச்சைக் கல்லுக்கு நேராகக் காட்டாமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நின்றது. பழைய சாலிடர் ஜாயின்ட்டில் கீறல் தேடும்போது லேம்பைச் சாய்ப்போமே, அதே வித்தை. எனக்குப் படிக்க வந்தது இரண்டே சொல். 'ஏரி'. கொஞ்சம் தள்ளி 'தூம்பு'. 22 படம் எடுத்து மூன்றை வைத்துக்கொண்டேன். இவை உண்மையாகவே என் சொந்தப் படைப்பு, டிக் அடிக்கும்போது கை நடுங்கவில்லை.

மார்ச் முதல் வாரம் எழுதினேன். இந்தத் தடவை நேரே பக்கத்தில் இல்லை, விக்கியின் பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில். அங்கே எத்தனை தடவை உடைத்தாலும் யாருக்கும் சேதமில்லை. மேற்கோள் அடைப்பை மூடும் இடத்தில் ஒரு சாய்கோடு விட்டுப்போய், கட்டுரையில் பாதி காணாமல் போய், சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. 2016-இல் இதே தப்பைச் செய்திருந்தால் யாராவது அன்றே பார்த்து என் வரியையும் சேர்த்துத் தூக்கியிருப்பார்கள். பிழை கண்ணுக்குத் தெரிந்தால் ஆள் வருகிறது. இலக்கணச் சுத்தமான பொய்க்கு யாரும் வருவதில்லை.

நான் எழுதியது இரண்டு வாக்கியம். 13-ஆம் நூற்றாண்டில் இந்த ஏரியின் தூம்பு சரிசெய்யப்பட்டதைக் கல்வெட்டு ஆண்டறிக்கை குறிப்பிடுகிறது. ஏரியை வெட்டியவர் யார் எனத் தெரியவில்லை. பேச்சுப் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் காத்திருந்தேன். ஜனவரியில் என்னைத் திருப்பியடித்த அதே முதல் ஆள் வந்து, முதல் வாக்கியத்தை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை எடுத்துவிட்டார். 'தெரியவில்லை' என்பதற்கும் சான்று வேண்டுமாம். யாருக்குத் தெரியவில்லை, எந்த நூலில் அப்படிச் சொல்லியிருக்கிறது? ஒரு நாள் முழுக்க முனகினேன். அப்புறம் அவர் சொல்வது நியாயம் என்று பட்டது. எனக்குத் தெரியாதது எல்லாம் யாருக்கும் தெரியாதது ஆகிவிடாதே. மார்ச் 16, ஞாயிறு. 1010 போயிற்று.

செலவு: டார்ச் 150, கடலூர் பஸ் போக வர இரண்டு தடவைக்கு 88, அறிக்கைப் பக்கங்கள் அச்செடுத்தது 28. மொத்தம் 266 ரூபாய், அதோடு இரண்டு அரை நாள் கடை. மறுபடி செய்வதானால் முதல் நாளே பேச்சுப் பக்கத்துக்குப் போவேன், அழிக்கவே மாட்டேன். கணக்கில் உள்நுழையாமல் ஒரு கமாவைக்கூடத் தொட மாட்டேன். ஐயாவிடம் முதலிலேயே போயிருந்தால் மூன்று வாரம் மிச்சம். கெசட்டியர் இரவை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

ஆங்கிலப் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது, சான்று கையில் இருந்ததால். டீக்கடை லேமினேட்டை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வளைவைப் பற்றி முன்னாள் தலைவரிடம் கேட்டேன். ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்தது, இனி தனி அலுவலரைத்தான் கேட்க வேண்டும் என்றார். பெயின்டர், "அழிக்கறது சுலபம்ணே, அந்த இடத்துல என்ன எழுதணும்னு சொல்லுங்க" என்றார். தூம்பைச் சரிசெய்த ஏரி என்று வளைவில் எழுத முடியுமா?

அக்கா மகளைக் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினேன். தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது கவனிப்புப் பட்டியலில் ஒரு அறிவிப்பு. எங்கள் ஊர்ப் பையன் யாரோ, கணக்குத் தொடங்கி இரண்டு நாள் ஆன ஆள், 'மாமன்னன் ராஜராஜன் வெட்டிய ஏரி' என்று மறுபடி சேர்த்திருக்கிறான். சான்றாக வரவேற்பு வளைவின் படம், அவனே எடுத்து ஏற்றியது. ஏழு நிமிடத்தில் மீளமைத்தேன். பிறகு அவன் பேச்சுப் பக்கத்தில் வணக்கம் சொல்லி, கோயில் எந்தச் சுவர், எத்தனை மணிக்குப் போக வேண்டும், டார்ச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். இன்னும் பதில் இல்லை. படத்தை நன்றாகத்தான் எடுத்திருக்கிறான். அதைக் கட்டுரையிலேயே விட்டுவைத்து, கீழே 'ஊராட்சி வரவேற்பு வளைவு, 2025' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.